பழைய கார் கிளப்பில் சேரப் போகிறீர்களா? அவசரப்பட்டுக் கார் வாங்கிவிடாதீர்கள்

பழைய கார்மீது ஆசை வந்த ஆள் முதலில் என்ன செய்வார்? கார் தேடுவார். நானும் அதைத்தான் செய்தேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது, என்ஜின் இரண்டாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது, விற்றவரும் தன்மையாகத்தான் பேசினார், வேறென்ன வேண்டும் என்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தது. கதவுக்குக் கீழே ஜாக்கியை வைத்து ஏற்றினேன். ஜாக்கி மேலே போனது, கார் போகவில்லை. கரகரவென்று ஒரு சத்தம், அப்புறம் பார்த்தால் தரையில் துருவும் பட்டியும் (ஓட்டையை அடைத்துப் பூசும் பசை) கலந்து ஒரு குவியல். பெயின்டுக்கு அடியில் இரும்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பாதிக்குமேல் பட்டிதான்.

அதற்குப் பிறகுதான் கிளப்புக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார், "தம்பி, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு காந்தத்தோட கூட வந்திருப்பேனே" என்றார். நான் இங்கே சொல்ல வருவதும் அதுதான். முதலில் கிளப், ஒரு வருடம் கழித்துக் கார். அந்த ஒரு வருடத்தில் கிளப்பில் என்னென்ன நடக்கும், நீங்கள் எங்கே நுழைந்து என்ன செய்யலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஆண்டிக், விண்டேஜ், வெட்டரன், கிளாசிக் என்று நாலைந்து சொற்கள் காதில் விழும். வெளியே இருப்பவர்களுக்கு எல்லாமே பழைய கார்தான். கிளப்புக்குள் அப்படிச் சொல்லிவிட்டால் இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள். பிரிட்டிஷ் வழக்கில் 1918 வரை செய்தவை வெட்டரன், அதிலும் 1905 முதல் வந்தவற்றை எட்வர்டியன் என்று தனியாகப் பிரிப்பார்கள். 1919 முதல் 1930 முடிய விண்டேஜ். அமெரிக்கக் கணக்கு வேறு: 1935-ல் தொடங்கிய அங்குள்ள பெரிய ஆண்டிக் கார் சங்கம் 25 வயதான வண்டியையே ஏற்றுக்கொள்கிறது. 1966-ல் அமைந்த ஃபிவா என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 30 வருடம் என்கிறது, கூடவே வண்டி அதன் காலத்துக்கு ஏற்ற நிலையில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

இதெல்லாம் எதற்கு என்றால், உங்கள் வீட்டில் யாரோ புதிதாக வாங்கி நீங்கள் சிறுவயதில் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு போன கார் இன்றைக்கு இந்தக் கணக்கில் ஆண்டிக்காக இருக்கலாம். பித்தளை விளக்கு வைத்த வண்டி இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். சேரப் போகிற கிளப்பின் வயதுக்கோடு எது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கிளப்?

இரண்டு வகை உண்டு. ஒரே கம்பெனி வண்டிகளுக்கான கிளப், எல்லா வண்டிகளும் கலந்த உள்ளூர்க் கிளப். உதிரி பாகம், பழைய கையேடு, சேஸி எண்ணை வைத்து வண்டி எந்த வருடம் வெளியே வந்தது என்று கண்டுபிடிப்பது, இதற்கெல்லாம் முதல் வகைதான் தெய்வம். ஆனால் புதிதாக வருபவருக்கு நான் உள்ளூர்க் கிளப்பைத்தான் சொல்வேன், ஏனென்றால் எது பிடிக்கும் என்று உங்களுக்கே இன்னும் தெரியாது. திறந்த இரண்டு சீட்டு வண்டிமீது பைத்தியமாக வந்தவர், அதில் ஒரு மணி நேரம் காற்றையும் புழுதியையும் வாங்கிய பிறகு மூடிய சலூன் காருக்கு மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கார் இல்லாதவர் உறுப்பினராகலாமா? வண்டிகள் வருடத்தில் எத்தனை முறை உண்மையிலேயே ரோட்டில் ஓடுகின்றன? எல்லோரும் சேர்ந்து வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப் நாள் என்று ஒன்று உண்டா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் மற்ற குறை எதுவானாலும் பரவாயில்லை. வண்டிகளைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கிளப்பும் இருக்கத்தான் செய்கிறது, அங்கே போய் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

முதல் நாள்

தொடாதீர்கள். முதலில் அதுதான். பழைய பெயின்ட் இளகியது, விரல்ரேகையில் இருக்கும் மணல்துகளே கோடு போட்டுவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்துப் பழகுங்கள். பெல்ட் பக்கிள், தோளில் தொங்கும் பை, கேமரா வார், மோதிரம், இவைதான் கிளப் ஆட்களின் ஜென்ம விரோதிகள். வண்டிக்காரர் "உட்காருங்க" என்று சொன்னால் உட்காரலாம், அப்போதும் கதவை அடித்துச் சாத்தக் கூடாது. பழைய கதவு பல வண்டிகளில் மரச்சட்டத்தின்மீது தகடு அறைந்து செய்தது, அடித்துச் சாத்தினால் கீல் இறங்கிவிடும். மெதுவாகத் தள்ளி, கடைசி அரை அங்குலத்தில் உள்ளங்கையால் ஒரு அழுத்து.

"என்ன விலை போகும்?" என்று கேட்காதீர்கள். அதை எல்லோரும் கேட்டுக் கேட்டு அவர்களுக்கு அலுத்துவிட்டது. "காலையில் இதை எப்படி ஸ்டார்ட் செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரம் நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது. பெட்ரோல் குழாயைத் திறப்பது, கார்புரேட்டரில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கிப் பெட்ரோல் வழியவிடுவது, சோக்கை எவ்வளவு இழுப்பது, இக்னிஷனைப் பின்தள்ளி (தீப்பொறி சற்றுத் தாமதமாக விழும்படி) வைப்பது என்று ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மந்திரம் உண்டு, சொல்பவர் கை தன்னையறியாமல் காற்றில் லீவர்களை இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒர்க்‌ஷாப் நாள், அதாவது நிஜமான கிளப்

ஊர்வலமும் கண்காட்சியும் வெளியே தெரிகிற பக்கம். கிளப் உயிரோடு இருப்பது யாரோ ஒருவர் ஷெட்டில், நாலு பேர் ஒரு என்ஜினைச் சுற்றி நின்று வாதாடும் ஒர்க்‌ஷாப் நாளில்தான். அழுக்கானால் கவலையில்லாத சட்டை போட்டுக்கொண்டு போங்கள், தொளதொளவென்று கை இருக்கும் சட்டை வேண்டாம், ஃபேன் பெல்ட் இழுத்துக்கொள்ளும்.

வேலை தெரியாதே என்று கூச்சப்படாதீர்கள். டார்ச் அடிப்பது ஒரு வேலை. கழற்றிய நட்டையும் வாஷரையும் வரிசை மாறாமல் சின்னப் பையில் போட்டு, எங்கிருந்து கழன்றது என்று எழுதி ஒட்டுவது அதைவிடப் பெரிய வேலை. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம், பாதி கழற்றியதும் ஒரு படம், முழுக்கக் கழற்றியதும் ஒரு படம். ஆறு மாதம் கழித்து அந்தக் கார்புரேட்டரைத் திரும்பப் பூட்டும்போது, இந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் மாட்டியிருந்தது என்று எல்லோரும் முழிக்கும் நேரத்தில் உங்கள் போனைத்தான் கேட்பார்கள். உங்களைக் கிளப் ஆளாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

ஸ்பேனர் விஷயம் ஒன்று. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் அளவு இருக்கும். ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த திருகு அளவு அது. அந்த ஸ்பேனரில் கால் அங்குலம் என்று பொறித்திருந்தால் அது தலையின் அகலம் அல்ல, போல்ட்டின் தண்டு கனம். அந்தத் தலையை அளந்தால் சுமார் 13.3 மில்லிமீட்டர் வரும். உங்கள் 13 உள்ளே போகாது, 14 போட்டால் லூசாக இருக்கும், "கொஞ்சம்தானே" என்று திருகினீர்களானால் முனை மழுங்கி, எண்பது வருடம் தாங்கிய நட்டு உங்கள் கையில் செத்துப்போகும். ஸ்பேனர் சரியாக உட்காராவிட்டால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். மழுங்கடித்தால் திட்டுவார்கள்.

முதலில் கற்றுக்கொள்ள நல்ல வேலை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடி பிளக்குக்குத் தீப்பொறியைத் தூண்டும் பாயிண்டுக்கு இடைவெளி வைப்பது. மூடியை எடுத்து, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றி, கேமின் மேடு பாயிண்டை முழுக்கத் திறந்து பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடைவெளி பல வண்டிகளில் 0.015 அங்குலம் சுற்றி இருக்கும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். ஃபீலர் கேஜை, அதாவது கனம் பொறித்த மெல்லிய தகட்டை, நுழைத்தால் உரசிக்கொண்டு நழுவ வேண்டும், இறுகக் கூடாது, தொளதொளக்கவும் கூடாது. அந்த உரசல் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிப் புரியவைக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் வைத்துக் காட்டி, "இப்ப நீ இழுத்துப் பார்" என்று கையில் கொடுக்க வேண்டும். நடுவழியில் கேஜ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஒரு விசிட்டிங் கார்டு கிட்டத்தட்ட அந்தக் கனம் வரும் என்பதையும் அங்கேதான் கற்றேன்.

மின்சாரத்தில் மட்டும் கை வைக்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். பழைய வண்டிகளில் பல 6 வோல்ட். அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், அதனால் கேபிள் தடியாக இருக்க வேண்டும். 6 வோல்ட் வண்டி முக்கி முனகிச் சுற்றுகிறது என்றால் பாட்டரியைக் குறை சொல்வதற்கு முன் யாராவது மெல்லிய கேபிள் மாட்டியிருக்கிறார்களா, எர்த் பிடிக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, பாசிட்டிவ் எர்த். 1960-கள் வரை நிறைய பிரிட்டிஷ் கார்களில் பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் பூட்டியிருக்கும். இது தெரியாமல் நான் வழக்கம்போல மாட்டி, ஒரு நண்பரின் ரேடியோவைப் புகையவிட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், காற்று அடிக்கவும் விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடையுங்கள், துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், முகக்கவசம் போடுங்கள். "நாங்க அந்தக் காலத்துல இதெல்லாம் பார்த்ததே இல்லை" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சிரித்துவிட்டு உங்கள் கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்திமடலைப் படிப்பதற்கும் ஒரு வழி உண்டு

எந்தக் கிளப்புக்கும் ஒரு செய்திமடல் இருக்கும், காகிதமோ போனில் வருவதோ. தலைவர் உரையைத் தாண்டிவிடுங்கள். நேராகப் போக வேண்டியது "தேவை / விற்பனைக்கு" பகுதி. யாரிடம் என்ன உதிரி கிடக்கிறது, எந்த மாடலுக்கு எதுவும் கிடைக்காமல் ஆட்கள் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது ஒரு வருடம் படித்தால் தெரிந்துவிடும். எந்தக் காரை வாங்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பகுதிதான். ஒரே ஹெட்லைட் வளையத்தை ஒருவர் ஏழு மாதம் தேடினார்.

இரங்கல் செய்திகளையும் படியுங்கள். மறைந்தவர் எந்த வண்டியோடு எத்தனை வருடம் வாழ்ந்தார் என்று அதில் இருக்கும். அந்த வண்டியைப் பற்றிக் குடும்பத்தாரிடம் நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள், அவர்களாகக் கிளப்பைக் கூப்பிடும் நாள் வரும், அப்போது ஷெட்டை ஒழுங்குபடுத்தக் கூட நிற்கும் நாலு பேரில் ஒருவராக இருங்கள்.

அப்புறம் எழுதுங்கள். செய்திமடல் நடத்துபவர் எப்போதும் ஆள் கிடைக்காமல் தவிப்பவர். கார் இல்லாதவர் எழுதிய பயணக் குறிப்புத்தான் பெரும்பாலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் அவருக்குத் தன் வண்டியைப் பற்றிப் பெருமையடிக்க ஒன்றுமில்லை. எத்தனை வண்டி கிளம்பியது, எத்தனை திரும்பியது, எது எங்கே நின்றது, யார் எதை வைத்துச் சரிசெய்தார்கள், இதை எழுதினால் போதும். நின்றுபோன கதையைத்தான் எல்லோரும் முதலில் படிப்பார்கள். நின்றுபோன வண்டிக்காரரிடம் மட்டும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படம் போடும்போது வீட்டு வாசல், ஷெட் இருக்கும் தெரு தெரிகிற மாதிரி போடாதீர்கள், இந்த வண்டிகளின் உதிரிகளுக்கென்றே வருகிற திருடர்கள் உண்டு.

பக்கத்து சீட்டு

கார் இல்லாதவருக்கு ராலியில் இருக்கும் இடம் நேவிகேட்டர் சீட்டு. பழைய கார் ராலி பெரும்பாலும் வேகப்போட்டி இல்லை, குறித்த சராசரி வேகத்தில் போக வேண்டும், சீக்கிரம் வந்தாலும் அபராதம், தாமதமானாலும் அபராதம். கையில் ஒரு சாலைப் புத்தகம் தருவார்கள். அதில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னப் படம்: கீழே புள்ளி, அதுதான் நீங்கள் வருகிற வழி, அம்புக்குறி நீங்கள் போக வேண்டிய வழி. நெதர்லாந்தில் 1949-ல் தொடங்கிய டியூலிப் ராலியில் புழக்கத்துக்கு வந்ததால் இதற்கு டியூலிப் படம் என்றே பெயர்.

நேவிகேட்டர் வேலையின் சூட்சுமம் கணக்கில் இல்லை, முன்கூட்டிச் சொல்வதில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 90 வினாடி, இப்படி நாலைந்து எண்ணை முன்பே எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளலாம். வண்டியின் தூரம் காட்டும் மீட்டர் பொய் சொல்லும், அது எவ்வளவு பொய் சொல்கிறது என்று தொடக்கத்தில் அளந்து வைத்த தூரத்தில் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திருப்பத்தை ஐந்நூறு மீட்டர் முன்னாலேயே சொல்லுங்கள். இந்த பிரேக்குகள் சொன்னவுடன் கேட்கிற ரகம் இல்லை. படத்தைத் தவறாகப் படித்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள், நானும் ஒரு முறை கௌரவம் பார்த்து மூன்று கிலோமீட்டர் சும்மா இருந்து, எங்களுக்குப் பின்னால் நம்பி வந்த நாலு வண்டியையும் சேர்த்துத் தொலைத்தேன்.

ஸ்டீயரிங் உங்கள் கைக்கு வரும்போது

ஆறேழு மாதத்தில் யாராவது "ஓட்டிப் பாக்கறியா?" என்பார். ஆமாம் என்று குதிப்பதற்கு முன் எந்தப் பெடல் எது என்று கேளுங்கள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி-யில் மூன்று பெடல் உண்டு, ஆனால் இடது பெடலை முழுக்க அமுக்கினால் லோ கியர், விட்டால் ஹை கியர், நடுப்பெடல் ரிவர்ஸ், வலது பெடல்தான் பிரேக். ஆக்சிலரேட்டர் காலில் இல்லவே இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே வலது கைப்பக்கம் ஒரு லீவர். இன்னும் சில பழைய வண்டிகளில் நடுப்பெடல் ஆக்சிலரேட்டராக இருக்கும். அவசரத்தில் கால் தன் பழக்கத்துக்குத்தான் போகும், அதனால் என்ஜினை ஓடவிடாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து காலைப் பழக்குங்கள்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதாக இருந்தால் இதை ஒழுங்காகப் படியுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கிறதா, இக்னிஷன் பின்தள்ளி இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், அடுத்தவர் சொன்னதை நம்பாதீர்கள். கட்டைவிரலை மற்ற நாலு விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழே இருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அமுக்காதீர்கள். என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் மேலே இழுக்கும் கையில் விரல்கள் திறந்து ஹேண்டில் நழுவிப்போகும், கட்டைவிரல் சுற்றியிருந்தால் கை உடையும். சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912 காடிலாக்கில் வந்தபோது ஜனங்கள் ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள் என்பது ஒரு தடவை உதை வாங்கினால் விளங்கிவிடும்.

கியர் மாற்றுவதற்கு டபுள் கிளட்ச். கியர்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கிக் கொடுக்கும் சிங்க்ரோமெஷ் 1928-ல்தான் வந்தது, அதுவும் முதலில் காடிலாக்கில், மற்றவற்றுக்குப் பரவ நாளாயிற்று, அப்போதும் முதல் கியருக்கு இல்லாத வண்டிகள் ஏராளம். கீழ் கியருக்கு வரும்போது கிளட்ச் அமுக்கி நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச் அமுக்கிக் கீழ் கியர். சத்தமில்லாமல் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார், முகத்தைப் பார்த்தால் தெரியும். கரகரத்தால் "சாரி" சொல்லுங்கள், அவரிடம் இல்லை, கியர் பாக்ஸிடம்.

பிரேக்கைப் பற்றி மறுபடியும் சொல்கிறேன். ஃபோர்டு கார்களுக்கே ஹைட்ராலிக் பிரேக் 1939-ல்தான் வந்தது, அதற்கு முன் கம்பியும் தடியும்தான். ஹைட்ராலிக் இருக்கும் பழைய வண்டியிலும் பெரும்பாலும் ஒரே குழாய் வழிதான், ஓர் இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. முன்னால் போகிற வண்டிக்கு நீங்கள் வழக்கமாக விடும் இடைவெளியை மூன்று மடங்காக்குங்கள். புதிய கார்க்காரர் நடுவில் நுழைவார். நுழையட்டும், மறுபடி பின்வாங்கி இடைவெளி விடுங்கள்.

சரி, இப்போது கார் பார்க்கலாம்

ஒரு வருடம் ஆகிவிட்டது, எந்த வண்டிக்கு உதிரி கிடைக்கும், எந்த வண்டிக்காரர் எப்போதும் அழுதுகொண்டிருக்கிறார் என்று தெரியும். போகும்போது கிளப்பில் இருந்து இரண்டு பேரைக் கூட்டிப் போங்கள், ஒருவர் என்ஜின் தெரிந்தவர், இன்னொருவர் "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவர்.

"நாங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லி வையுங்கள், போனதும் பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழ் ஓடும் பட்டை, தரைத் தகடு எல்லாம் வைத்துப் பாருங்கள். இரும்பு பாடியில் காந்தம் ஒட்டாத இடம் பட்டி, ஆனால் அலுமினியப் பாடியாக இருந்தால் இந்தச் சோதனை செல்லாது, அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து நுனியைப் பிடித்து லேசாகத் தூக்குங்கள், ஆடினால் கீல் தேய்ந்திருக்கும், அல்லது உள்ளே மரம் இற்றிருக்கும், இரண்டாவது என்றால் பெரிய வேலை. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணிறக் கூழ் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். சேஸி எண், என்ஜின் எண் இரண்டையும் வண்டியிலேயே நேரில் படித்துக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள், பெயின்டுக்கு அடியில் மறைந்திருந்தால் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் கிளம்பிவிடுங்கள்.

என்ஜின் ஓடாத, ஆனால் எல்லாப் பாகமும் இருக்கும் வண்டி, என்ஜின் ஜோராக ஓடி அலங்காரப் பட்டையும் விளக்கு வளையமும் கண்ணாடிச் சட்டமும் காணாமல் போன வண்டியைவிட எவ்வளவோ மேல். என்ஜினை யாராவது சரிசெய்துவிடுவார்கள். அந்த ஹெட்லைட் வளையத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பயணத்துக்கு முன்

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி, வயது என்ன என்பது முதல் கேள்வி. 2000-க்குப் பிறகு வந்த டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ம் வருடம் 23-ம் வாரம். நம் வண்டிகள் ஓடுவது குறைவு, டயர் தேயாமலேயே கிழடாகிவிடும். பழைய பாணி கிராஸ்பிளை டயரையும் இன்றைய ரேடியல் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்காதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதனால் வண்டி ஓடாவிட்டாலும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், சிலிகான் வகையான டாட் 5-ஐ மற்றதோடு கலக்கவே கூடாது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் பழைய ரப்பர் குழாய் ஊதி விரிசல்விடும், அதைத் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். ஒரு தீயணைப்பான், கைக்கு எட்டும் இடத்தில். டிக்கியில் ஸ்பேர் டயருக்கு அடியில் இல்லை.

வெயிலில் ஏறிக்கொண்டே போய் நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் செய்தால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கும். பேனட்டைத் திறந்துவிட்டு, ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப்மீது போட்டு, கால் மணி நேரம் பேசாமல் இருங்கள். ஆட்கள் அந்தக் கால் மணி நேரத்தில்தான் பாயிண்டைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி, நன்றாக இருந்த வண்டியைக் கெடுத்துவிடுவார்கள். கருவிப் பையில் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், பாயிண்ட், கண்டென்சர், பிளக், வயர், டேப், தண்ணீர். 1888-ல் பெர்த்தா பென்ஸ் கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்களோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டிப் போனபோது, அடைத்துக்கொண்ட பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், பெட்ரோலுக்கு மருந்துக்கடையில் நின்றார். அவரிடம் இருந்ததைவிட உங்களிடம் சாமான் அதிகம்.

கூட்டமாகப் போகும்போது ஒரே விதி: முன்னால் போகிற வண்டியை அல்ல, பின்னால் வருகிற வண்டியைப் பாருங்கள். திருப்பத்தில் உங்கள் பின்வண்டி உங்களைப் பார்க்கும்வரை நில்லுங்கள், அவர் அவருக்குப் பின்னால் வருபவருக்காக நிற்பார். இது நடந்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

கண்காட்சியில் பரிசுக்கு நிற்பதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள். நடுவர்கள் பார்ப்பது பளபளப்பை மட்டும் இல்லை, குழாய் கிளிப் அந்தக் காலத்து வகையா, வயர் உறை துணியா பிளாஸ்டிக்கா என்பதை எல்லாம் பார்ப்பார்கள். பழைய பெயின்ட் தேய்ந்திருந்தாலும் அது கம்பெனி பெயின்டாக இருந்தால் அவசரப்பட்டு உரித்துவிடாதீர்கள், அதைப் பழைய ஆட்கள் யாரிடமாவது காட்டுங்கள்.

பயணம் முடிந்து வந்ததும் வண்டியை நிறுத்தி, பாட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துப் போடுங்கள். மறுநாள் காலையில் அட்டையை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழைய கார் ஒழுகும், அது வழக்கம். கறுப்பு என்ஜின் ஆயில், கெட்டியாக நாறுவது கியர் ஆயில், பச்சையோ துருநிறமோ ரேடியேட்டர் தண்ணீர். அட்டையில் முன்சக்கரம், பின்சக்கரம் எங்கே என்று பேனாவால் குறித்து, தேதி போட்டுச் சுவரில் சாத்தி வையுங்கள். அடுத்த பயணத்துக்குப் பிறகு விழுந்த சொட்டுகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே இடம், அதே அளவு என்றால் விட்டுவிடலாம். புது இடத்தில் புதுப் பொட்டு, அதுவும் சக்கரத்துக்கு உட்பக்கம், தெளிவான திரவம், தொட்டால் வழுவழுப்பு என்றால் பிரேக் ஆயில். வண்டியை எடுக்காதீர்கள், கிளப்புக்குப் போன் போடுங்கள்.